வெள்ளிக்கடல் தோமையின் கடைசிப் பாகம்

சனிக்கிழமை, காலை 9.00.

எண்ணூர் கத்திவாக்கத்தில் ஒரு வீட்டுக்குள் இருந்து வெள்ளிக் கிரகம் களவு போனது.

அளக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். போனது ஒரு கட்டுக் காகிதம்தான். ஆனால் அந்தக் காகிதத்துக்குள் ஒரு கிரகம் இருந்தது. ராயபுரம் ஸ்டேஷன் வாசலிலும் பெட்டிக்கடைகளிலும் ஒரு காலத்தில் மாதாமாதம் சூடாக விற்ற நாவல் வரிசை அது. பெயர் ‘வெள்ளிக்கடல் தோமை’. எழுதியவர் சிலுவைமுத்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எண்ணூர் முகத்துவாரத்தில் சுழலில் மாட்டிய லாஞ்ச் டிரைவர் தோமை, கண் விழித்தால் வெள்ளிக் கிரகத்தில் கிடப்பான். மேகத்துக்குக் கீழே கடல், பறக்கும் திருக்கை மீன்கள், எட்டுக் கை ராணி. அங்கே ஈயமே உருகும் சூடு என்கிறார்கள் விஞ்ஞானிகள். இருந்துவிட்டுப் போகட்டும். தோமை அங்கே இறால் பிடித்தான், நாங்கள் நம்பினோம்.

நாற்பத்தோரு பாகம் வந்தது. நாற்பத்திரண்டாவதை எழுதி முடித்தபோது அச்சகம் மூடிவிட்டது. சிலுவைமுத்து போன வருடம் காலமானார். இப்போது ஒரு பதிப்பகம் மொத்த வரிசையையும், அச்சேறாத கடைசிப் பாகத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. அதற்கு அட்டைப்படம் வரையவும் கையெழுத்துப் பிரதியை ஸ்கேன் செய்யவும் வந்தவன்தான் நிலவன். வியாசர்பாடிக்காரன், இருபத்தேழு வயது.

அவன்தான் அன்று காலை டிரங்குப் பெட்டி மேல் போர்த்தியிருந்த பழைய பெட்ஷீட்டை எடுத்தான். பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்த பிஸ்கட் டின் காலி.

“ஆலிஸ்க்கா, பேப்பரை நீங்க எங்கயாச்சும் எடுத்து வச்சீங்களா?”

ஆலிஸ் சிலுவைமுத்துவின் மகள். நர்ஸ். இரவு டூட்டி முடிந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். இல்லை என்றாள். அடுத்த கணம் அவள் தம்பி ஜெரி எழுந்துவிட்டான். பெங்களூரில் வேலை பார்ப்பவன், அன்று அதிகாலை ரயிலில் வந்திறங்கி, அக்கா வரும் வரை வாசல் படியில் காத்திருந்தவன்.

“வாசல் பூட்டு உடையல. சாவி யார்கிட்ட இருக்கு? உங்கிட்ட, இவன்கிட்ட. இதுக்கு மேல என்ன விசாரணை? வியாசர்பாடின்னு நீ சொன்னப்பவே திருட்டுப் பயன்னு எனக்குத் தெரியும்.”

இதை வீட்டுக்குள் சொல்லியிருந்தால் கூடப் போகட்டும். வாசலில் நின்று, தெருவே கேட்க, கத்தினான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பத்து நிமிடத்தில் தெருக் கோடி வரை நிலவன் திருடனாகிவிட்டான்.

 மூன்று தடவை பரீட்சை எழுதி நாலாவது தடவையில் அரசாங்க டைப்பிஸ்ட் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். போலீஸ் வெரிஃபிகேஷன் அடுத்த வாரம். இன்றைக்கு அவன் பேரில் ஒரு புகார் விழுந்தால் அந்த வேலை போயே போய்விடும். ஜெரி செல்போனில் புகாரை டைப் அடிக்கத் தொடங்கிவிட்டான்.

ஆலிஸ் போன் போட்டது தன் சிநேகிதி வரலட்சுமிக்கு.

காலை 10.30.

வரலட்சுமி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சரக்கு சர்வேயர். கண்டெய்னரில் வந்த சரக்கு நனைந்தால், உடைந்தால், குறைந்தால், எங்கே யாரால் என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் தொழில். தண்டையார்பேட்டையில் வீடு. பள்ளிக்கூடத்துப் பையில் பூகோளப் புத்தகத்துக்குள் தோமையை ஒளித்து வைத்துப் படித்தவள். ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றியதும் நேராக ஜெரியிடம் போனாள்.

“தம்பி, அந்தப் புகாரை அனுப்பிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“சாயந்தரம் வரைக்கும் அனுப்பாத. அதுக்குள்ள நான் கண்டுபிடிக்கலன்னா உன் இஷ்டம்.”

ஜெரி முறைத்துக்கொண்டே முற்றத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். எழுந்தபோது வெள்ளை பேண்ட்டில் கரி வட்டம். அனல்மின் நிலையச் சாம்பல் விழுகிற ஊர் அது. அங்கே பிறந்த பிள்ளை நாற்காலியை ஒரு தட்டுத் தட்டாமல் உட்காராது. பெங்களூர் அவனுக்கு அதை மறக்கடித்திருந்தது.

வரலட்சுமி பெட்டியைப் பார்த்தாள்.

“நிலவா, நீ காலையில வந்தப்போ இந்த பெட்ஷீட் எப்படி இருந்துச்சு?”

“எப்பவும் போலத்தான் கா. நாலு மூலையும் பெட்டிக்கு அடியில சொருவி இருந்துச்சு. சாம்ப உள்ள போவாம இருக்க.”

“அப்போ திருடுனவன் போர்த்தி, மூலையும் சொருவிட்டுப் போயிருக்கான்.”

“நானும் அப்டித்தான் கா போர்த்துவேன்,” என்றான் நிலவன். தனக்கு எதிரான சாட்சியைத் தானே சொல்கிறோம் என்று தெரிந்தும் சொன்னான். வரலட்சுமிக்கு அது பிடித்தது.

“நேத்து எத்தனை மணிக்குக் கிளம்புன?”

“நாலு மணி. கரண்ட்டு போச்சு. பாதிதான் ஸ்கேன் ஆச்சு. பூட்டிகினு போயிட்டேன்.”

“முழுசும் படிச்சிட்டியா?”

“படிக்காம எப்டி கா அட்டை வரையறது?”

அடுத்து ஆலிஸ்.

“நேத்து எப்போ போன?”

“ஒரு மணிக்கு. ரெண்டு ஷிஃப்டும் சேத்துப் பாத்தேன். காலையில யூனிஃபார்ம், போர்வை எல்லாம் தொவச்சுப் போட்டேன். வூட்ல சொட்டுத் தண்ணி மிச்சம் வைக்கல. அப்படியே ஓடிட்டேன்.”

“சாவி மொத்தம் எத்தனை?”

“ரெண்டு கா. என்னுது ஒண்ணு, நிலவனுது ஒண்ணு.”

வரலட்சுமி தாகமாக இருக்கிறது என்று சமையலறைக்குப் போனாள். ஓரமாக எட்டுக் குடம் வரிசையாக நின்றது. மூடியிருந்த தட்டை நகர்த்தி ஒரு சொம்பு மொண்டு குடித்தாள். குளிர்ச்சியாக இருந்தது. ஏழு குடமும் கழுத்து வரை நிறைந்திருந்தன. எட்டாவதில் இந்தச் சொம்பும் ஆலிஸ் காபி போட்டதும்தான் குறைந்திருந்தது.

எதிர் வீட்டு மலர்க்கொடி வாசலிலேயே நின்றிருந்தாள். கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“நேத்து சாயந்தரம் ஆலிஸ் வூட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?”

“யாரும் வர்ல மா. நேத்து தண்ணி வுடற நாளு. அஞ்சு மணிக்கு வந்துச்சு, ஆறுக்கு நின்னுச்சு. நானு முழு நேரமும் கொழாயடிலதான் கீறேன். இந்த வூட்டு வாசல்ல ஒரு வெளியாளு கூட கால் வைக்கல.”

“நிலவன் திரும்பி வந்தானா?”

“வந்தா தெரியாதா? வர்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ராவுல வந்திருப்பானோ இன்னாவோ.”

பகல் 12.00.

அடுத்த வீட்டுச் சாலமன் முன்னாள் லாஞ்ச் டிரைவர். வயது எழுபத்தொன்று. சிலுவைமுத்துவின் உயிர்த் தோஸ்து. தோமை என்ற ஆளைச் சிலுவைமுத்து செய்ததே இவரைப் பார்த்துத்தான். தோமையின் கோணல் நடை இவர் நடை, தோமையின் கெட்ட வார்த்தை இவர் வார்த்தை. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் தனியாக, ஈஸி சேரில் சாய்ந்திருந்தார். இடது கையில் சுண்டு விரல் இல்லை.

“ஒம்போதாம் பாகத்துல தோமைக்கு விரலு போச்சா,” என்று கையைத் தூக்கிக் காட்டினார். “புக்கு வந்த மறு மாசமே கயிறு சுத்துற வின்ச்சுல எனக்குப் போச்சு. முத்து எழுதுனா நடக்கும் மா.”

“உடம்பு எப்படி இருக்கு நைனா?”

“செவ்வாக்கெழம நெஞ்சத் தொறக்கப் போறானுங்க. ஒரே பேஜாரு.”

“நேத்து சாயந்தரம் எங்க இருந்தீங்க?”

“காசிமேட்டுல. நம்ம பையன் ஒருத்தன் படகு இஞ்சினப் பாக்கச் சொன்னான். மதியம் போனேன், வூடு வந்து சேரச் சொல்ல மணி எட்டு.”

“நிலவன் எடுத்திருப்பான்னு நினைக்கிறீங்களா?”

சாலமன் தலையைத் திருப்பினார். வெளியே பார்த்தார்.

“அந்தப் புள்ள எடுத்திருக்காது,” என்றார் கடைசியில். “ஜெரிக்கு அவசரம்.”

“அதை அவன்கிட்ட நீங்க ஏன் சொல்லல?”

அவர் சுண்டு விரல் இல்லாத இடத்தைத் தடவினார்.

மாலை 4.00.

வரலட்சுமி ஆலிஸ், ஜெரி, நிலவன், சாலமன் நாலு பேரையும் ஆலிஸ் வீட்டுச் சமையலறையில் கூட்டினாள். ஹால் இருக்க, அடுப்படியில் எதற்கு என்று ஜெரி முணுமுணுத்தான்.

“ஆலிஸ், இந்தக் குடத்தையெல்லாம் ரொப்புனது யாரு?”

ஆலிஸ் விழித்தாள். “தண்ணி வந்துச்சு... ரொம்பி இருக்கு.”

“தானா ரொம்புமா? நேத்து காலையில நீ எல்லாத்தையும் காலி பண்ணிட்டுப் போன. தண்ணி வந்தது அஞ்சுக்கு. நீ டூட்டியில. நிலவன் நாலு மணிக்கே போயாச்சு. ஜெரி ரயிலே ஏறல. பூட்டுன வீட்டுக்குள்ள எட்டுக் குடம் எப்படி ரொம்புச்சு?”

ஆலிஸ் குடங்களைப் பார்த்தாள்.

“சாவி ரெண்டுதான்னு சொன்னியே. மூணாவது யார்கிட்ட?”

“அது...” ஆலிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். “அது சாவியா கா? அது தண்ணிக்குக் குடுத்தது. பத்து வருஷமா சாலமன் மாமாகிட்டதான் கீது. நான் டூட்டில இருந்தா அவர்தான் புடிச்சு வைப்பாரு.”

தண்ணீர் நேரம் தெரியாத ஊரில், வேலைக்குப் போகிற வீடுகளெல்லாம் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவைக்கும். அதை யாரும் சாவிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த ஆள் உள்ளே போவதையும் வருவதையும் யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் மனதில் நிற்பதில்லை.

“மலர்க்கொடி பொய் சொல்லல,” என்றாள் வரலட்சுமி. “வெளியாள் யாரும் வரலன்னுதான் சொன்னா. வெளியாள் எட்டுக் குடம் புடிச்சிருந்தா குழாயடியே கேள்வி கேட்டிருக்கும். வந்தது உள்ளாளு. ஜெரிக்கு இந்த ஊர்ச் சாம்பல் மறந்துபோச்சு, அவன் பெட்டியைப் போர்த்தியிருக்க மாட்டான். போர்த்தி மூலை சொருவுனது தினம் இந்தச் சாம்பலைத் துடைக்கிற ஒரு கை. நைனா, எட்டு மணி வரைக்கும் காசிமேட்டுல இருந்தேன்னீங்க. அஞ்சு மணிக்கு ஆலிசுக்குத் தண்ணி புடிச்சது யாரு?”

சாலமன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“எடுக்கத்தான் வந்தேன்,” என்றார். “தண்ணி வந்திச்சி. புள்ள டூட்டி முடிஞ்சி வந்தா குளிக்கத் தண்ணி வோணுமேன்னு...”

திருட வந்த இடத்தில் எட்டுக் குடம் தண்ணீர் சுமந்து வைத்த திருடரை வரலட்சுமி அன்றுதான் பார்த்தாள். நெஞ்சு வலியோடு வேறு. கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது.

“ஏன் மாமா?” என்றாள் ஆலிஸ்.

“முத்து சாவறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில சொன்னான். ‘கடைசிப் பாகத்துல உன்னக் கொன்னுட்டேன் மாமு’ன்னான். சிரிச்சான். விரலு விஷயம் எனக்கு மறக்கல. புக்கு வந்தா செவ்வாக்கெழம நான் மேசையிலயே போயிடுவேன்னு பயம். ஆபரேசன் முடியட்டும், திருப்பி வச்சிடலாம்னு எடுத்துகினு போனேன். மீன் ஐஸ் பொட்டிலதான் வச்சிருக்கேன். ஒரு தாளு கூடக் கசங்கல. கடைசிப் பக்கத்த மட்டும் பாத்தேன். தோமையச் சவப்பொட்டில வச்சிருக்காங்க.”

நிலவன் அதுவரை சுவரோரம் நின்றிருந்தான். இப்போது பேசினான். 

“காலைல அந்தாளு என்னைத் திருடன்னு கத்துனப்போ நீங்க வாசல்ல நின்னுகினு இருந்தீங்க. எனக்கு அடுத்த வாரம் வெரிஃபிகேஷன். உங்களுக்குத் தெரியும். போன வாரம் ஸ்வீட்டு குடுத்தப்போ வாழ்த்துனீங்களே.”

“தெரியும் பா. வாய் வரைக்கும் வந்திச்சி. பயம் அமுக்கிடுச்சி.”

“பழி ஒரு பக்கம் பாவம் ஒரு பக்கம்,” என்றாள் வரலட்சுமி. “பெரியவர்னு நான் விட மாட்டேன். இந்தப் பிள்ளை பேரு தெருவுல கெட்டுச்சு. அடுப்படியில மன்னிப்புக் கேட்டா அது சரியாகாது.”

சாலமன் தலையாட்டினார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். கோணல் நடையில் வாசலுக்குப் போய், படியில் நின்று, லாஞ்சில் இருந்து கரைக்குக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார். மலர்க்கொடி முதலில் வந்தாள். பிறகு தெருவே வந்தது.

“எல்லாம் கேட்டுக்குங்க. முத்து எழுதுன பேப்பரை எடுத்தது நானு. இந்தப் புள்ள இல்ல. காலைல தெரிஞ்சே நான் வாய மூடிகினு இருந்தேன். கலீஜு வேல பாத்தவன் நான்தான். இனிமே எவனாச்சும் இந்தப் புள்ள பேரைச் சொன்னா, என்கிட்ட வந்து பேசணும்.”

 மலர்க்கொடி முந்தானையைக் கடித்துக்கொண்டு நிலவனைப் பார்த்தாள்.

“நானும் ஒரு வார்த்த தப்பா சொல்லிட்டேன் பா,” என்றாள். “மனசுல வச்சிக்காத.”

ஜெரி எல்லோரும் பார்க்க செல்போனை எடுத்து, டைப் அடித்ததை அழித்தான். பிறகு நிலவன் பக்கம் வந்தான். முகம் சிவந்திருந்தது.

“தப்பு என்னுது. ரொம்பப் பெரிய தப்பு. வெரிஃபிகேஷனுக்கு யாராவது வேணும்னா என் பேரைக் குடு. நல்லவன்னு நான் சொல்றேன்.”

நிலவன் அவனை நிதானமாகப் பார்த்தான்.

“வேணாம் சார். போலீஸ்காரங்க வியாசர்பாடிலயே வந்து விசாரிக்கட்டும். என்னைப் பத்தி நல்லவிதமா சொல்ல அங்க நெறைய பேரு கீறாங்க.”

ஜெரி தலையைக் குனிந்துகொண்டான். வரலட்சுமி அவனுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

நிலவன் சாலமனிடம் திரும்பினான். கோபம் முழுசாக இறங்கவில்லை. ஆனாலும் அந்தக் கிழவர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபின் அவனால் சும்மா போக முடியவில்லை.

“கடைசிப் பக்கத்தை மட்டும் பாத்தீங்களே, அதுக்கு முன்னாடி அத்தியாயம் படிச்சீங்களா?”

“பயந்துகினு படிக்கல.”

“தோமை சாவறாரு. ஆனா தொண்ணூத்தாறு வயசுல. வெள்ளிக் கடல்லேர்ந்து லாஞ்சோட திரும்பி வந்து, பேத்தி கல்யாணத்துல பாட்டுப் பாடி, ரெண்டு பிளேட் பிரியாணி சாப்ட்டு, தூக்கத்துல போறாரு.”

சாலமன் விரல் விட்டு எண்ணினார். ஒன்பது விரலும் தீர்ந்து, மறுபடி முதலில் இருந்து எண்ணினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னும் இருபத்தஞ்சு வருஷம் கீதா?”

“முத்து சார் எழுதுனா நடக்கும்னீங்களே,” என்றான் நிலவன். “எழுந்திரிங்க. ஐஸ் பொட்டி எங்க கீது, காட்டுங்க. மிச்சத்த இன்னிக்கே ஸ்கேன் பண்ணிடலாம்.”