தொண்டைக்கு ஒரு பன்னிரண்டாம் சட்டை

பிற்பகல் 3.50. மேளத்தை எடுக்கப் போன மேளக்காரன் வெறுங்கையோடு திரும்பி ஓடி வந்தான்.

மைதானத்தின் கிழக்குப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை. ஆதரவாளர்களின் கொடி, கம்பு, மேளம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அந்த அறையில் பெரிய மேளத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தார் தொண்டை. நாற்பது வருடமாகக் கிழக்குப் படிக்கட்டை ஒற்றை ஆளாகக் கத்தவைத்தவர். கழுத்தில் ஒரு பச்சை மப்ளர் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கப்பட்டிருந்தது. நாக்கு வெளியே வந்திருந்தது.

உள்ளூர் அணியின் நிறம் கறுப்பு. பச்சை எதிரணியின் நிறம். அந்த மப்ளர் யாருடையது என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தொண்டையின் கூடப்பிறந்த தம்பியுடையது.

4.05. இன்ஸ்பெக்டர் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கும்போதே வெளி வாசலில் கூட்டம் இரும்புக் கதவைக் குலுக்கிக்கொண்டிருந்தது. கூடவே புதிதாக ஒரு கோஷம்.

“என்னய்யா கத்துறாங்க?”

ஏட்டு காது கொடுத்துக் கேட்டார். “அண்ணந்தின்னி அண்ணந்தின்னின்னு கத்துறாங்க மேடம். தம்பிக்காரனுக்குப் பேர் வச்சிட்டாங்க.”

“பிணத்தைப் பார்த்துக் கால் மணி நேரம்தான் ஆகுது. அதுக்குள்ளயா?”

“இங்க பேர் வைக்கிறதுக்கு நேரமே ஆகாது மேடம்.”

தம்பியை அதற்குள் நாலு பேர் பிடித்து, இரண்டு பல்லை உடைத்து, டிக்கெட் கொடுக்கும் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். கிளப்பின் செயலாளர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார்.

“ஆள் ரெடியா இருக்கான் மேடம். அஞ்சு மணிக்கு ஆட்டம். பன்னிரண்டாயிரம் பேர் வந்திருக்காங்க. அதுக்குள்ள அவனைக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா நல்லது.”

“அந்த வாசல் வழியாவா?”

“வேற வாசல் இல்லையே.”

இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார். கம்பி இடுக்கில் நூறு கை நீண்டிருந்தது. அதன் வழியே ஒருவனைக் கூட்டிப் போனால் ஜீப்பில் ஏறுவது அவனுடைய சட்டை மட்டும்தான்.

“அஞ்சு மணி வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க. முதல்ல செத்தவர் யாருன்னு சொல்லுங்க. எனக்குப் பந்தாட்டம் தெரியாது.”

செயலாளர் அவரை வீரர்கள் போகிற நடைபாதைக்குக் கூட்டிப் போனார். சுவர் நெடுகக் கண்ணாடிச் சட்டத்துக்குள் கறுப்புச் சட்டைகள். எல்லாவற்றிலும் ஒரே எண், பன்னிரண்டு.

“களத்துல பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆள் கூட்டம். அதனால அந்த நம்பரை எந்த ஆட்டக்காரனுக்கும் குடுக்கறதில்ல. வருஷத்துக்கு ஒரு ரசிகரைத் தேர்ந்தெடுத்து, கூட்டம் அவருக்கு வச்ச பட்டப்பேரைப் போட்டு மாட்டுவோம். சொந்தப் பேர் போட மாட்டோம். பட்டப்பேர்தான் மரியாதை.”

இன்ஸ்பெக்டர் படித்துக்கொண்டே நடந்தார். குடைக்காரி. மூணாவது தூண். நொண்டி எக்ஸ்பிரஸ்.

“நொண்டி எக்ஸ்பிரஸா? அவருக்கு இது சம்மதமா?”

“அழுதாரு மேடம். சந்தோஷத்துலன்னுதான் நினைக்கிறேன்.”

“சிலதுல பேர் மேல இருக்கு, சிலதுல கீழ இருக்கு. ஏன்?”

“உசுரோட இருந்தா நம்பருக்குக் கீழ பேர். அவர் டீமைத் தூக்கிட்டு நிக்கிறாரு. செத்துட்டா சட்டையை இறக்கி, வேற அடிச்சு, நம்பருக்கு மேல பேர். இனிமே டீம் அவரைத் தூக்கணும். தொண்டை கொண்டுவந்த வழக்கம்தான். இங்க இருக்கிற பட்டப்பேர் முக்காவாசி அவர் வச்சதுதான். வாயைத் திறந்து ஒரு தடவை சொன்னா போதும். சாகுற வரைக்கும் ஒட்டிக்கும்.”

4.20. செயலாளரின் அறை. கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சாவியால் அவர் அலமாரியைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். வாய் ஒட்டப்பட்டு, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும், 3.30 என்ற நேரமும் இருந்தன.

“இந்த வருஷச் சட்டை அவருக்குத்தான். இடைவேளையில மைக்கைக் குடுத்து, இதைப் போட்டு விடுறதா இருந்தோம்.”

“கையெழுத்து?”

“என்னோடது. மூணரைக்கு உடுப்பறைக்காரர் ஒட்டிக் கொண்டாந்தாரு. கையெழுத்துப் போட்டு உள்ள வச்சுப் பூட்டினேன். முன்னாடியே யாரும் பார்த்துடக் கூடாது, அது ஒரு முறை.”

உறையைக் கிழித்துச் சட்டையை மேசைமேல் விரித்தார். மேலே தொண்டை, கீழே பன்னிரண்டு. வெள்ளை எழுத்து, பிசிறில்லாமல். செயலாளர் கண்ணாடியைக் கழற்றி அழுதார். ஏட்டு தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மேளக்காரன் வாசற்படியில் நின்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டான்.

4.30. டிக்கெட் அறையில் தம்பி வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தான். பஞ்சர் ஒட்டுகிற கைகள், நகக்கண்ணில் கறுப்பு.

“அண்ணனோட என்ன சண்டை?”

“சண்டை இல்லம்மா. அவன் கறுப்பு, நான் பச்சை. முப்பது வருஷமா இப்படித்தான். வருவேன், கிண்டல் பண்ணுவான், போவேன்.”

“மப்ளர் எப்படி உள்ள போச்சு?”

“ரெண்டே முக்காலுக்கு வாசல்ல வச்சு அண்ணனே பிடுங்கிட்டான். இன்னிக்கு இதுலதான் மூக்குச் சிந்தப் போறேன்னான். எல்லாரும் சிரிச்சாங்க.”

“அப்புறம் நீ எங்க இருந்த?”

“பின் சுவரோரம் உக்காந்து பீடி குடிச்சேன்.”

“யார் பார்த்தா?”

“யாரு பாப்பாங்க? தனியா உக்காரத்தானே போனேன்.” ரத்தத்தைத் துப்பினான். “என்னை வெளிய விடாதீங்கம்மா. அந்தக் கூட்டத்துல எனக்குத் தெரிஞ்சவங்கதான் நிறைய. அதான் பயமா இருக்கு.”

4.40. உடுப்பறை. மேளம் இருந்த அறைக்குப் பக்கத்து அறை, நடுவில் ஒரு சுவர்தான். துவைக்கும் இயந்திரம் இரண்டு, எழுத்து ஒட்டும் சூட்டு இயந்திரம் ஒன்று. அதன் முன்னால் உடுப்பறைக்காரர் நின்றார். அறுபதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். முப்பத்தொரு வருடமாக அந்த அணியின் வேர்வையைத் துவைத்தவர். சலவைத்தூளில் வெளுத்து, கைகள் யாருடையவோ போல இருந்தன.

“உங்களுக்கும் பட்டப்பேர் இருக்கா?”

அவர் குனிந்து ஒரு துண்டை மடித்தார். மேளக்காரன்தான் பின்னாலிருந்து சொன்னான். “ஈரத்துணி, மேடம். யாராவது அடிபட்டு விழுந்தா இவர்தான் துண்டும் தண்ணியும் எடுத்துட்டு ஓடுவாரு. ஈரத்துணி, ஓடு ஓடுன்னு கிரவுண்டே பாடும். தொண்டை வச்ச பேர்.”

“மூணு மணியிலேர்ந்து என்ன பண்ணுனீங்க?”

“மூணேகாலுக்குச் சட்டை அடிச்சேன். மூணரைக்குச் செயலாளர்கிட்ட குடுத்தேன். அப்புறம் தண்ணி பாட்டிலை எடுத்துட்டுக் களத்துக்குப் போயிட்டேன்.”

“மெஷின் சாவி யார்கிட்ட?”

“என்கிட்ட மட்டும்தான். மத்தவங்க தொட்டா எழுத்து கோணிடும்.”

“தொண்டை இங்க வந்தாரா?”

“வரல.”

“அவர் செத்தது எப்பத் தெரியும்?”

“இவன் கத்திட்டு ஓடி வந்தானே, மூணு அம்பதுக்கு. அப்பத்தான்.”

4.50. வாசல் கதவின் ஒரு கீல் பெயர்ந்துவிட்டது. கோஷத்துக்கு இப்போது கைதட்டலும் சேர்ந்திருந்தது. செயலாளர் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உடுப்பறைக்கே வந்துவிட்டார்.

“மேடம், இதுக்கு மேல தாங்காது. அவனை வெளிய அனுப்புங்க. நாங்க இடைவேளையில ஒரு நிமிஷம் மௌனம் வச்சு இந்தச் சட்டையை மாட்டிடறோம். நல்லவேளை, இதுல எந்த மாத்தமும் பண்ண வேண்டியதில்ல.”

இன்ஸ்பெக்டர் வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்தவர் நின்றார்.

“ஏன் பண்ண வேண்டியதில்ல?”

“பேர் மேலதானே இருக்கு. சரியாத்தானே இருக்கு.”

“இப்பச் சரி. மூணரைக்கு?”

துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றை முடித்து நின்றது.

இன்ஸ்பெக்டர் அந்தச் சட்டையை வாங்கிச் சூட்டு இயந்திரத்தின் மேல் விரித்தார். “பிணத்தைப் பார்த்தது மூணு அம்பதுக்கு. உறை ஒட்டினது மூணரைக்கு. ஒட்டினதுலேர்ந்து கிழிக்கிற வரைக்கும் பூட்டின அலமாரியில இருந்துச்சு. நம்ம எல்லாரும் பார்த்தோம், கண்ணுல தண்ணி விட்டோம், ஒருத்தருக்கும் உறுத்தல. ஏன்னா நாம பார்க்கும்போது அவர் செத்திருந்தாரு. சட்டை சரியாப் பட்டுச்சு. ஆனா இதை அடிச்ச நேரத்துல, அவர் இடைவேளையில உசுரோட வந்து போட்டுக்க வேண்டியவர். பேர் கீழதான் இருந்திருக்கணும்.”

அவர் உடுப்பறைக்காரரைப் பார்த்தார்.

“மூணேகாலுக்கு இந்தக் கட்டடத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் அவர் செத்தது தெரியும். அவர் கையில இந்த மெஷின் சாவியும் இருந்துச்சு.”

உடுப்பறைக்காரர் சட்டையைப் பார்த்தார். அப்புறம் எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார், ஏதோ கோணியிருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி.

“ஒம்பது பேருக்கு இப்படி மாத்தி அடிச்சிருக்கேன். செத்தா மேல. கை அதுவாப் போயிடுச்சு. நான் கவனிக்கவே இல்ல.”

“எதுக்கு?”

“என் சம்சாரத்தைப் புதைக்கும்போது வந்தாரு. கிழக்குப் படிக்கட்டு ஆளுங்க முப்பது பேரோட. மண்ணு போட நான் முன்னாடி நடந்தேன். ஈரத்துணி, ஓடு ஓடுன்னு மெதுவா ஆரம்பிச்சாரு. மரியாதையாம். எல்லாரும் பாடினாங்க. என் மக காதைப் பொத்திக்கிட்டா.”

செயலாளர் தலை குனிந்தார். அந்த முப்பது பேரில் அவரும் ஒருவர்.

“இன்னிக்கு மூணு மணிக்கு இங்க வந்தாரு. அந்தப் பச்சை மப்ளரைத் தோள்ல போட்டுட்டு. ‘இடைவேளையில மைக் என்கிட்டதான்யா. பன்னிரண்டாயிரம் பேரை எழுப்பி உன் பாட்டைப் பாட வைக்கிறேன். உன் மக மாப்பிள்ளை வீட்டோட வர்றாளாமே, கேட்கட்டும்’னாரு. வேணாம்யான்னு சொன்னேன். சிரிச்சாரு. பக்கத்து ரூமுக்குப் போனாரு, பின்னாடியே போய்க் கையைப் பிடிச்சு அழுது கெஞ்சினேன். ‘பார்றா, ஈரத்துணி ஒழுகுது’ன்னாரு.” வெளுத்த கைகளைத் தொங்கவிட்டார். “தினம் நூறு துணி பிழியற கை மேடம். அவ்வளவு நேரம் ஆகல.”

“அப்புறம் வந்து சட்டை அடிச்சீங்க.”

“மூணரைக்குக் குடுக்கணுமே.”

4.58. இன்ஸ்பெக்டர் ஒலிபெருக்கி அறைக்குப் போனார். மைக்கை வாங்கித் தானே பேசினார். கொன்றது தம்பி இல்லை, உடுப்பறைக்காரர், அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மைதானம் அப்படியே அடங்கியது. வாசலில் நீண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. தம்பி ஜீப்பில் ஏறி முழுசாக வீடு போய்ச் சேர்ந்தான். உடுப்பறைக்காரரை வேறொரு வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர், ஈரத்தோடு விட்டால் துணி நாறிவிடும், யாராவது எடுத்துக் காயப்போடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஆட்டம் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.

அடுத்த சனிக்கிழமை, மாலை 4.55. கிளப் தம்பிக்கு நியாயம் செய்ய முடிவெடுத்திருந்தது. பல் கட்ட ஏற்பாடு, ஆயுசுக்கும் இலவச இருக்கை, அதோடு ஆட்டத்துக்கு முன்னால் நடுக்களத்தில் ஒரு மரியாதை. தம்பி வேண்டாம் என்றுதான் சொன்னான். வராவிட்டால் இன்னும் கோபம் இருக்கிறது என்று கூட்டம் நினைக்கும் என்று செயலாளர் சொன்னார். அவன் வந்தான். பாதுகாப்புக்கு இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார்.

செயலாளர் அவனைக் கட்டிப்பிடித்தார். பன்னிரண்டாயிரம் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உண்மையான கைதட்டல்தான். பலர் கண்ணில் தண்ணீர். தம்பியின் முகம் கொஞ்சம் இளகியது. அப்போது கிழக்குப் படிக்கட்டில் மேளம் தொடங்கியது. அடிக்கு ஏற்றபடி முதலில் நூறு பேர், அப்புறம் ஆயிரம், அப்புறம் மைதானம் முழுக்க, தோளோடு தோள் சேர்த்து, பாசத்தோடு பாடியது.

“அண்ணந்தின்னி. அண்ணந்தின்னி.”

இன்ஸ்பெக்டர் படியேறி மேளக்காரனிடம் போனார். “அவன் இல்லைன்னு சொன்னேன்ல? காதுல விழலையா?”

“விழுந்துச்சு மேடம். எல்லாருக்கும் தெரியும்.” அவன் அடியை நிறுத்தவில்லை. “கோவத்துல பாடல. அவரும் இப்ப நம்ம ஆளு, அதான். வேற பேர் யோசிச்சுப் பார்த்தோம். இந்தத் தாளம் மாதிரி எதுவும் அமையல.”

கீழே செயலாளர் தம்பியின் காதருகில் குனிந்து ஏதோ சொன்னார். கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டச் சொல்லியிருப்பார்.

ஆட்டினான்.