பஸ்தியான் தொட்டுக் காட்டிய பக்கம்

பிரேதத்தில் தையல் இடப்பக்கம் இருந்தது.

நோய் இருந்ததோ... வலப்பக்கம்!

வெள்ளைத் துணியை விலக்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். பிரேதம் என் கணவர் பஸ்தியானுடையது. கரைவலை இழுத்து இழுத்து, அவருடைய வலது அடிவயிற்றில் குடல் பிதுங்கி வீங்கியிருந்தது. நின்றால் தெரியும். படுத்தால் உள்ளே போய்விடும். அதைச் சரிசெய்யத்தான் முந்தல் ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் கமலேஸ்வரன் மறுபக்கத்தை வெட்டித் தைத்து வார்ட்டுக்கு அனுப்பினார்.

வார்ட்டில் கிடந்து, வலப்பக்கம் நோகுது என்று பஸ்தியான் கத்தினார். வெட்டின நோவுதான் என்று சொல்லி டொக்டர் ஒரு குளிசை கொடுத்தார். எட்டிப் பார்க்கவும் அவருக்கு நேரமில்லை. உள்ளே குடல் இறுகி அழுகியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், அம்புலன்சுக்குள்ளேயே...

முடிந்தது!

திடீர் மரண விசாரணை அதிகாரியாக வந்தவர் அத்தாஉல்லா. கற்பிட்டி ஆள். அவருக்குப் பக்கத்தில் பொலிஸ் சார்ஜன்ட் யூட். எதிரே டொக்டர். மடிப்புக் கலையாத சேர்ட், கையில் ஒரு டெப்லட், முகத்தில் எங்களைப் பார்க்கக்கூட விரும்பாத ஒரு சலிப்பு.

டொக்டரின் கதை எளிமையானது. பஸ்தியானுக்கு இரண்டு பக்கமும் கோளாறு இருந்ததாம். இடப்பக்கத்தைத்தான் முதலில் செய்யச் சொல்லி அவரே கேட்டாராம்.

அத்தாஉல்லா இதை நம்பினால் போதும். பஸ்தியான் தன் சாவுக்குத் தானே விரல் காட்டினார் என்று பதிவாகிவிடும். என் பிள்ளைகள் சாகும்வரை அதைச் சுமக்க வேண்டும்.

"ஆதாரம்?" என்று அத்தாஉல்லா கேட்டார்.

டொக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

"இந்த ஆக்களுக்கு வாயால சொன்னா ஒண்டும் ஏறாது. அதுதான் படம் போட்டு விளங்கப்படுத்துறன். கொழும்பில இதக் காட்டக்குள்ள பெரிய பெரிய ஆக்கள் எழும்பி நிண்டு கை தட்டினவங்க. ஒவ்வொரு நோயாளியும் விளங்கிச் சம்மதிக்கிறத வீடியோவும் எடுக்கிறம். பாருங்க."

படங்கள் நல்ல படங்கள். அதை நான் மறுக்கவில்லை. எங்கே வெட்டுவார்கள், எங்கே வலை போலத் துணி வைத்துத் தைப்பார்கள், என்னென்ன பிசகலாம், வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்... எல்லாம் வர்ணத்தில் இருந்தன. வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று ஓர் எழுத்துக்கூட இல்லாமல் வரைந்திருந்தார்கள். வரைந்தவர் யாரோ ஒரு புண்ணியவான். நிச்சயமாக டொக்டர் இல்லை.

டெப்லட்டில் என் மனிதர் உயிரோடு வந்தார்.

வெறும் மேல். இடுப்பில் சாரம். படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தன் அடிவயிற்றில் கை வைத்தார்.

இடப்பக்கத்தில்!

நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு பஸ்தியான் எழும்ப, வீடியோ நின்றது.

"காணும்தானே?" டொக்டர் டெப்லட்டை மூடப் போனார்.

"மூடாதீங்க." அத்தாஉல்லா கையைத் தூக்கினார். "ஒருக்கா திருப்பிப் போடுங்க."

திரும்பவும் ஓடியது. பஸ்தியான் நெற்றியைத் தொட்டார், நெஞ்சைத் தொட்டார்...

"தங்கச்சி, உங்கட ஆக்கள் சிலுவை போடுறது எந்தக் கையால?"

"சோத்துக் கையாலதான், அத்தாஉல்லா நானா."

"இவர் பீச்சங்கையால போடுறாரே."

ஓம்... இடக் கை! முதலில் வலத் தோள், அதற்குப் பிறகு இடத் தோள். எல்லாமே தலைகீழ்.

டொக்டர் கதிரையில் சாய்ந்துகொண்டார். "அந்த ஆள் இடக்கைக்காரனா இருப்பான். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"ஓம் டொக்டர், இடக்கைக்காரர்தான்," என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மலரட்டும் என்று கொஞ்சம் விட்டேன்.

"வலை பொத்துறது, கத்தி பிடிக்கிறது, எனக்கு ஏசக்குள்ள கை நீட்டுறது, எல்லாம் இடக் கைதான். ஆனா சின்ன வயசில ஞானப்பாட வகுப்பில இடக் கையால சிலுவை போட்டதுக்கு சிஸ்டரிட்ட வாங்கின அடி அவருக்கு மறக்கவே இல்ல. கோயில் கதவை இடக் கையால திறந்துபோட்டு, வலக் கையாலதான் சிலுவை போடுவார். எங்கட பக்கம் ஆரையும் கேளுங்க."

"கேக்கத் தேவையில்ல," என்றார் யூட். அவர் சேர்ட்டுக்குள்ளும் ஒரு ஜெபமாலை தெரிந்தது. "இந்த வீடியோவ கண்ணாடி மாதிரித் திருப்பியிரிக்கி."

டொக்டர் எழும்பினார். அது தனிப்பட்ட சாதனம், தொடக்கூடாது என்றார். யூட் அதற்குள் தொட்டுவிட்டார். அழித்ததை அந்தக் கருவி உடனே வீசாதாம், குப்பைக்குள் போட்டு ஒரு மாதம் வைத்திருக்குமாம். பெயருக்குப் பின்னால் இத்தனை பட்டம் வைத்திருக்கும் மனிதருக்கு அது தெரியவில்லை.

உண்மையான வீடியோ ஓடியது.

பஸ்தியான் வலப்பக்கம் கை வைத்தார். வலக் கையால் சிலுவை போட்டார். எழும்பினார்...

ஆனால் இங்கே வீடியோ நிற்கவில்லை!

எழும்பிய பஸ்தியான் திரும்பி உட்கார்ந்தார். அவருடைய பகிடிக் குரல்.

"எனக்கு விளங்கிட்டு டொக்டர். உங்களுக்கு விளங்கினதா எண்டு நீங்க ஒருக்கா தொட்டுக் காட்டுங்க பாப்பம்."

கமெராவுக்குப் பின்னால் நேர்ஸ் சுஜாந்தி சிரிப்பது கேட்டது. டொக்டர் போனில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஒரு விரலை மட்டும் நீட்டிப் படத்தைத் தொட்டார்.

படத்து மனிதனின் இடப்பக்கத்தை.

"அது பிழை டொக்டர். படத்தில நிக்கிற ஆள் எங்களப் பாத்துக்கொண்டு நிக்கிறான். அவன்ட வலது மத்தப் பக்கம்."

"ஓம் ஓம்," என்றார் டொக்டர், போனைப் பார்த்தபடியே. "கூட்டிக்கொண்டு போங்க. அடுத்த ஆள்."

நான் அழவில்லை. அந்த ஆளின் முன்னால் அழுவதற்கு எனக்கு விருப்பமில்லை.

டொக்டர் தொண்டையைச் செருமினார். இந்தப் படமுறையில் சில குறைபாடுகள் இருப்பதாகவும், சாதாரண சனங்களுக்கு விளங்குகிற மாதிரி அதை இன்னும் திருத்த வேண்டும் என்றும் சொல்லத் தொடங்கினார்.

அத்தாஉல்லா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"படத்தில ஒரு குறையும் இல்ல டொக்டர். எல்லாருக்கும் விளங்கியிரிக்கி. ஒரே ஒரு ஆளுக்குத்தான் விளங்கயில்ல. அந்த ஆள்ட கையிலதான் கத்தியக் குடுத்திரிக்கி."