கூப்பிடுகிற பாட்டு

சிடி பெட்டிக்குள்ளிருந்து பாடகர் வழக்கம்போல "ஆர் யூ தேர்?" என்று கத்தினார். "இருக்கேன்!" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. கட்டிலில் மகள் இஃபாத்தின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த சஃபியா, பழக்கதோஷத்தில் சிரித்தே விட்டாள். அடுப்படியில் யாரும் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த சிடி அவள் கணவன் தாரிக் துபாயில் வாங்கியது. அமெரிக்க சோல், ஃபங்க் பாடகர் ஒருவரின் பேர்போன பாட்டுகளையெல்லாம் பொறுக்கியெடுத்துப் போட்ட தொகுப்பு. பாதி வார்த்தை அவனுக்கு விளங்காது. ஆனாலும் விடுப்பில் வந்தால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும் இதைப் போட்டுவிட்டுத்தான் கொடுவா மீன் பொரிக்க நிற்பான். கடைசிப் பாட்டில் அந்த ஆள் "ஆர் யூ தேர்?", அதாவது "இருக்கியா?" என்று கேட்டுக் கேட்டுப் பாடுவார். பின்பாட்டுப் பெண்கள் வாயைத் திறப்பதற்குள் இவன் கரண்டியும் கையுமாக "இருக்கேன்!" என்று முந்திக்கொள்வான். இஃபாத்தும் ஓடிப்போய்க் கூடக் கத்துவாள். வீடே இரண்டுபடும்.

வளைகுடாவில் சரக்குப் படகிலிருந்து விழுந்தவனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. காரைக்காலில், அவன் ஓதிய பள்ளிவாசலிலேயே, மய்யித்து இல்லாமல் ஜனாஸா என்கிற இறுதித் தொழுகையைத் தொழுதார்கள். அவனுடைய பை மட்டும் வந்து சேர்ந்தது, அதற்குள் இந்த சிடி. "மவுத்தான வீட்டுல பாட்டு வேணாம் லாத்தா, இத்தா முடியட்டும்" என்று நாத்தனார் நௌஷின் காலையில்கூடச் சொல்லிவிட்டுப் போனாள். இத்தாவில் துக்கம் காக்கிறவள் வாசல் தாண்டக்கூடாது, சரி. அவன் கூவிச் சிரித்த பாட்டைக்கூடக் கேட்கக்கூடாதா? காய்ச்சலில் பிள்ளை "வாப்பா பாட்டு" என்று அழுதபோது, சஃபியாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. பகலிலேயே வீடு இருட்டிக் கிடக்க, மழைச் சத்தத்துக்கும் அடியில் கடல் உறுமுவது தரை வழியாகக் கேட்டது. கரண்ட் போனது. மின்விசிறி சோம்பலாகச் சுற்றி நின்றது. பாட்டு நிற்கவில்லை.

"ஆர் யூ தேர்?"

"இருக்கேன்."

இந்த முறை கொஞ்சம் கிட்டத்தில். எண்ணெய் காய்கிற வாசனை வந்தது, மிளகாய்த்தூளும் மஞ்சளும் பொரிகிற வாசனை. அடுப்பை அவள் பற்றவைக்கவே இல்லை. பயம் வரவில்லை அவளுக்கு. அழுகைதான் வந்தது. வரட்டும், எந்தக் கோலத்திலாவது வரட்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

வாசனை மாறியது. டீசல். அழுகிய பாசி. எதுவோ ஈரமாகத் தரையில் இழுபட்டது.

அவனுடைய கடைசி போன் பேச்சு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "இந்தத் தடவ வந்தா புள்ளைய எங்கூடவே கூட்டிட்டுப் போயிடுவேன், பாத்துக்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

சஃபியா ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். சிடியை வெளியே எடுத்துத் தரையில் எறிந்தாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பின்பாட்டுப் பெண்கள் அடங்கினார்கள். பாடகரும் அடங்கினார். தாளம் மட்டும்.

பிறகு பெட்டிக்குள்ளிருந்து தாரிக்கின் குரல். தொண்டை நிறையத் தண்ணீரோடு.

"இஃபாத்து... இருக்கியா?"

பிள்ளை கண் திறந்தாள். உதடு பிரிந்தது. சஃபியா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதம்மா. என் தங்கம்ல, சொல்லாத."

பிள்ளை சொல்லவில்லை.

அடுப்படியிலிருந்து, இஃபாத்தின் அதே மழலையில், அத்தனை ஆசையாக:

"இருக்கேன் வாப்பா!"

சஃபியாவின் உள்ளங்கைக்குள் மூச்சு இல்லை. விரலிடுக்கில் உப்புத்தண்ணீர் சில்லென்று வழிந்துகொண்டிருந்தது.