பேரப்பூட்டு

ஈரோடு பேருந்து நிலைய வாசலில் இருந்த பெரிய திரையில் எண் ஒன்று கூடியது. ‘முறியடிக்கப்பட்ட திருட்டுகள்’ என்ற வரிக்குக் கீழே அது ஒளிர்ந்ததும் டீக்கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“நம்மூருப் பூட்டுங்க!” என்று வெளியூர்க்காரர் ஒருவரிடம் கடைக்காரர் சொன்னார். அந்தப் பூட்டைக் கண்டுபிடித்த நன்முல்லை அதைக் கேட்டபடி கடந்து போனாள். நடை தானாக நிமிர்ந்தது.

மின்காசைத் திருடுவது முன்பு எளிது. கைபேசியில் அந்தக் காசை வைத்திருக்கும் மின்பையைத் திறக்கும் மறைச்சொற்களை ஏமாற்றி வாங்கினால் போதும், போனது திரும்பாது. திருட்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது நன்முல்லைக்கு ஒன்று புலப்பட்டது. எந்தத் திருடனும் பேரம் பேசுவதில்லை. திருடிய காசில் எதையாவது சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு ஓடுகிறான். ஜவுளிச் சந்தையில் வளர்ந்தவர்களோ ஒரு துண்டைக்கூட விலை குறைக்காமல் வாங்க மாட்டார்கள். எங்கே தொடங்குவார்கள், எங்கே இழுப்பார்கள், எப்போது எழுந்து போவதுபோல் காட்டுவார்கள் என்பது ஆளுக்கு ஆள் கைரேகைபோல வேறுபட்டது. பேரப்பூட்டு அதைக் கைபேசி வழியே கேட்டுக் கற்றது. சில்லறைச் செலவுக்குக் குறுக்கே வராது. பெரிய தொகை என்றால், உரியவர் தன் பாணியில் பேரம் பேசினால்தான் மின்பை திறக்கும். பூட்டைக் கழற்ற ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். திருடனால் அவ்வளவு நாள் பொறுக்க முடியாது.

அவளுடைய தோழி நூர்நிஷா மட்டும் பூட்டை மறுத்திருந்தாள். “நான் ஒரே வெலக்காரிடி. எனக்கு எதுக்கு அது?” போன வாரம், மின்பை நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்னவனிடம் மறைச்சொற்களைக் கொடுத்து எல்லாவற்றையும் இழந்தாள். இன்று மாலைக்குள் தன் தையல் பட்டறைப் பெண்களுக்குத் தீபாவளி போனஸ் கொடுத்தாக வேண்டும். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டாள் என்பதால், அவள் விற்கும் பூத்தையல் எந்திரத்தை வாங்க நன்முல்லை பட்டறைக்கு வந்திருந்தாள்.

நூர்நிஷா விலை சொன்னாள்.

“சரி” என்று நன்முல்லை கைபேசியைத் தொட்டாள். திரை சிவந்தது: ‘நீங்கள் உரியவர் அல்ல.’

“இன்னும் கொஞ்சம் சேத்தே வாங்கிக்க நூரு.” மறுபடியும் சிவந்தது.

நூர்நிஷா சிரித்துவிட்டாள். “உன் பூட்டுக்கே உன்னயத் தெரியலியா?”

“கேட்ட வெலையக் குடுத்தா அது நானில்லைன்னு நெனைக்குது.”

“அப்ப சும்மா நாடகத்துக்குப் பேசேன்டி!”

பேசினார்கள். மூன்றாம் முறையும் சிவந்தது. யாராவது கத்தியைக் காட்டிப் பேச வைத்தால் ஏமாறக்கூடாதென்று, நடிப்பைக் கண்டுபிடிக்கவும் அவள்தான் பூட்டுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

வாசலில் பெண்கள் காத்திருந்தார்கள். நன்முல்லை எந்திரத்தை முதல்முறையாகச் சந்தைக் கண்ணோடு பார்த்தாள்.

“ஊசித்தண்டு தேஞ்சிருக்கு நூரு. மோட்டார் வேற இரையுது. இதுக்கு எவன் இந்த வெல குடுப்பான்?”

நூர்நிஷாவின் சிரிப்பு நின்றது. “தெனமும் என் கையால எண்ணெய் விட்டு வெச்சிருக்கேன். தேஞ்சிருக்கா?”

“தேஞ்சிருக்கு.” எழுந்து செருப்பை மாட்டினாள். வாசல்வரை போனாள்.

“சரி, வா” என்றாள் நூர்நிஷா மெதுவாக. “கொறச்சுக்க.”

மின்பை பச்சையாகத் திறந்தது.

குறைத்த தொகை போனஸுக்குச் சரியாக இருந்தது. நூர்நிஷாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

“மீதிய அடுத்த வாரம் தர்றேன். பூட்டக் கழட்டிட்டு.”

“வேண்டாம்டி” என்றாள் அவள், எந்திரத்துக்கு உறை போட்டபடி. “வெல பேசி முடிஞ்சிருச்சு.”

திரும்பும் வழியில் டீக்கடைக்காரர் கைகாட்டிக் கூப்பிட்டார். “அம்மிணி, நீங்க அந்தப் பக்கம் போனப்புறம் மூணு பேரப் புடிச்சிருக்குதுங்க, பாருங்க!” அவர் முகமெல்லாம் பெருமை.

நன்முல்லை திரையை அண்ணாந்து பார்த்தாள். அந்த எண்ணில் எத்தனை பேர் திருட வந்தவர்கள், எத்தனை பேர் கொடுக்க வந்தவர்கள் என்று பிரித்துக் காட்ட அவள் இடம் வைத்திருக்கவில்லை.