நாற்பது வீட்டுத் துணி

தேநீர்க் கிண்ணத்தை ஊல்கான் வைத்த வேகத்தில் பாதி, மேசை விரிப்பில் சிந்தியது. சிந்தட்டும் என்றுதான் வைத்தாள்.

"இன்னிக்கும் கிளம்பியாச்சா?"

சல்கின் தலைத்துணியை முடிந்துகொண்டிருந்தாள். "சனிக்கிழமைதானே அக்கா. மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன். பசுவுக்கு வைக்கோல் போட்டாச்சு. ரொட்டி சுட்டு மூடி வச்சிருக்கேன்."

"ரொட்டியை யார் கேட்டா? அடுத்தவங்க பிள்ளைகிட்ட பேசறதுக்கு ஒரு படிப்பாம், அதுக்கு ஒரு வகுப்பாம். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை..."

பழமொழி பாதியில் நின்றது. அந்த வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை அது. ஊல்கானின் முழங்கால்களுக்கு நடுவில் மேரிம் உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. தினமும் காலையில் அம்மா ஊல்கான் பின்னிவிட, பள்ளிக்குப் போகிற பெண். ஊல்கானின் சீப்பு ஒரு கணம் தயங்கி, பிறகு முன்னைவிட அழுத்தமாக இழுத்தது. வீட்டுக்காரர் பெக்தூர் கிண்ணத்துக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார். நல்ல மனிதர். வீட்டில் சண்டை வந்தால் அவருக்குத் தாகமும் வந்துவிடும்.

சல்கின் அந்தக் கூந்தலைப் பார்க்காமல் கதவைத் திறந்து பனியில் இறங்கினாள். பத்து வருடமாகப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

சல்கினுக்கு ஊல்கான் ஓரகத்தி. கல்யாணமாகிப் பதினைந்து வருடமாகியும் ஊல்கானுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சல்கின் வந்த மறுவருடமே ஒரு பெண்ணைப் பெற்றாள். அண்ணன் வீட்டில் தொட்டில் ஆடாவிட்டால் தம்பி வீட்டிலிருந்து ஒன்றைக் கொடுப்பது அந்த மலைநாட்டு வழக்கம். "உனக்கென்ன, சின்ன வயசு. இன்னும் பத்துப் பெறுவே" என்றார்கள். சல்கின் மறுக்கவில்லை. நாற்பதாம் நாள் குழந்தையை ஓரகத்தியின் மடியில் வைத்தாள். பெற்றவள் நான்தான் என்று பிள்ளையிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று ரொட்டியைத் தொட்டுச் சத்தியமும் செய்தாள்.

அந்தப் பத்தில் ஒன்றுகூட வரவில்லை. கணவன் எர்மெக் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனான். வருடத்துக்கு இருபது நாள் வருவான், வந்த களைப்புத் தீருமுன் கிளம்பிவிடுவான். மற்ற நாளெல்லாம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒற்றை அறையில் சல்கினும் அடுப்பும்தான்.

அந்தச் சனிக்கிழமை ஊர் நூலகத்தில் பன்னிரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் கூடியிருந்தார்கள். போன குளிர்காலத்தில் ஒரு சிறுமிக்குக் காதில் சீழ் வைத்து, இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் ஒரு காதே போய்விட்டது. அப்பா அம்மா இருவரும் தூரதேசத்தில். சித்தப்பன் வீட்டில் சாப்பாடு கிடைத்தது, 'ஏன் ஒரு மாதிரி இருக்கே' என்று கேட்க ஆளில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான், பிள்ளைகள் பேசுவதைக் கேட்கப் பெரியவர்களைப் பழக்கும் இந்த வகுப்பைப் பள்ளி ஆசிரியை ஜிபார் ஆரம்பித்தாள்.

அன்று ஜிபார் கேட்டாள்: "ஒரு பிள்ளையோட நாற்பது நாள் சட்டைக்கு உங்கள்ல யாரெல்லாம் துணி கொடுத்திருக்கீங்க?"

எல்லாக் கையும் உயர்ந்தது. கேள்வியா இது? நாற்பதாம் நாள் நாற்பது வீட்டில் ஆளுக்கொரு துண்டு வாங்கி, ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டையை மாட்டாத பிள்ளை அந்த ஊரில் இல்லை.

"சரி. துணி கொடுத்த பிள்ளைங்கள்ல நேத்துக் காலையில ஒண்ணுமே சாப்பிடாம பள்ளிக்கூடம் போனது யாருன்னு தெரியுமா?"

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஆடு மேய்க்கும் கிழவர் சூயுன் தொண்டையைச் செருமினார். "ஆடு நொண்டினா மலைக்கு அந்தப் பக்கமிருந்தே எனக்குத் தெரிஞ்சுடும். இதுங்க நொண்டறது தெரியலையே, டீச்சர்."

சல்கின் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டைக்காக முப்பத்தொன்பது வீட்டு வாசலில் நின்ற கை அது. நாற்பதாவது துண்டை, தன் கல்யாணச் சட்டையின் ஓரத்தைக் கிழித்து ஊல்கான் கொடுத்தாள். பிள்ளையோடு சட்டையும் போயிற்று. எரித்திருப்பாள் என்றே சல்கின் நினைத்திருந்தாள்.

வாரங்கள் போயின. பிள்ளையின் கண்ணுக்கு நேராக உட்காரு. 'அழாதே' என்று சொல்லாதே. 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதே. பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர் என்றால், கையைப் பிடித்து அவரிடம் கூட்டிப்போ, கூடவே நில். இவ்வளவுதான் பாடம். படிக்கச் சுலபம், செய்யும்போதுதான் நாக்கு அரிக்கும்.

சல்கினுக்கு மூன்று பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். பள்ளி விட்டதும் அவர்களோடு நடந்து வருவாள். அவர்கள் பேசுவார்கள், அவள் கேட்பாள். சில அடி பின்னால் ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு தனியாக வருவதையும் அவள் அறிந்திருந்தாள். அந்தப் பெயர் அவளுடைய பட்டியலில் இல்லை.

ஒரு சாயங்காலம் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

"சித்தி..."

"என்ன மேரிம்?"

"அவங்க மூணு பேர்கிட்ட பேசற மாதிரி என்கிட்டயும் பேசுவீங்களா?"

பால் குவளைக்கு வெளியே பீச்சியது.

"உங்களுக்கு என்னைப் பிடிக்காதில்ல? எல்லாரோட சித்தியும் தலை வாரி விடுவாங்க. நீங்க என்னைத் தொட்டதேயில்ல."

ஐயோ, தொடாமலிருந்ததற்கு இந்தப் பிள்ளை இப்படியா கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. சல்கின் முக்காலியை விட்டு இறங்கி வைக்கோலில் உட்கார்ந்தாள். இப்போது கண்ணுக்குக் கண் நேராக இருந்தது.

"பிடிக்காம இல்ல கண்ணு. சொல்லு."

"பள்ளிக்கூடத்துல சொல்றாங்க, நான் யாரோ கொடுத்த பிள்ளையாம். நிஜமா? யார் கொடுத்தாங்க? நான் வேண்டாம்னா கொடுத்தாங்க?"

ஊருக்கே தெரியும். தெரியாதது இந்த ஒருத்திக்கு மட்டும்தான். சொல்லாமல் இருப்பதே பெரிய தர்மம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. சல்கினின் நாக்கு நுனியில் ஒரு வார்த்தை வந்து நின்றது. 'நான்தான்' என்று சொன்னால் போதும், பத்து வருடத்துப் பசி தீர்ந்துவிடும். பெக்தூரின் வீட்டில் ஒருத்தி அன்றோடு மலடியாகிவிடுவாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சித்தி. சத்தியம் பண்ணுங்க."

"பண்ணமாட்டேன்மா. இதுக்குப் பதில் சொல்ல வேண்டியவங்க உங்கம்மாதான். வா, நான் கூட வரேன். பதில் கிடைக்கிறவரைக்கும் உன் கையை விடமாட்டேன்."

பத்து வருடத்தில் முதன்முறையாக அந்தக் கையைப் பிடித்தாள். குளிர்ந்து கிடந்தது.

சன்னல் வழியாக ஊல்கான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வைக்கோலில் உட்கார்ந்தது, பேசியது, கைகோத்து வந்தது. கதவு திறந்ததும் வெடித்தாள்.

"சொல்லிட்டியா? இதுக்குத்தான் வாரம் தவறாம படிக்கப் போனியா? என் வயிறு காலின்னு தெரிஞ்சுதானே கொடுத்தே, இப்ப பறிச்சுக்க வந்துட்டியா? பெத்தவ புத்தியைக் காட்டிட்டியேடி... நான் தூங்காம வளர்த்ததெல்லாம் எங்கே போச்சு?"

சல்கின் பிள்ளையின் கையை விடவில்லை.

மேரிம் ஒருத்தியைப் பார்த்தாள், பிறகு இன்னொருத்தியைப் பார்த்தாள். "சித்தி ஒண்ணுமே சொல்லலம்மா" என்றாள் மெல்ல. "நான்தான் கேட்டேன். பதில் சொல்ல வேண்டியது உங்கம்மாதான்னு கூட்டிட்டு வந்தாங்க."

ஊல்கான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். பெக்தூர் அன்றைக்குக் கிண்ணத்தைத் தேடவில்லை. "போதும் ஊல்கான்" என்றார். "நம்ம பயத்தைப் பிள்ளை சுமக்க வேண்டாம்."

பிறகு ஊல்கான் எழுந்து பெட்டியைத் திறந்தாள். போர்வைகள், கம்பளங்கள் எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டு, அடியிலிருந்து ஒரு சின்னஞ்சிறு சட்டையை எடுத்தாள். நாற்பது நிறம். உள்ளங்கை அகலம்.

"இவதான் உன்னைப் பெத்தா" என்றாள் பிள்ளையிடம். "வேண்டாம்னு கொடுக்கல. எனக்கு இல்லேன்னு கொடுத்தா. நாற்பது வீடு ஏறித் தைச்சது இவ. போட்டுவிட்டது நான்." பிறகு சல்கினை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னிக்கு உனக்குக் கிடைச்சிருக்கும். ஏன்டி சொல்லல?"

"சொன்னா எனக்குக் கிடைக்கும் அக்கா... இவளுக்கு ஒரு அம்மா போயிடுவாளே."

ஊல்கான் அவள் தோளில் விழுந்து அழுதாள். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மேரிம், சட்டையைக் கசங்காமல் தூக்கிப் பிடித்தபடி, "அப்ப இவங்களை என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டாள்.

"சித்தின்னே கூப்பிடு" என்றாள் சல்கின். "பழகிடுச்சு."

அன்றும் முற்றம் தாண்டித் தன் ஒற்றை அறைக்குத்தான் போனாள். அடுப்பு அணைந்திருந்தது. தானே மூட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை தேநீர் ஊற்ற வந்தபோது ஊல்கான் சீப்பை நீட்டினாள்.

"எனக்குத் தோள்வலி. நீ பின்னி விடு." முந்தின நாள்தான் இரண்டு மூட்டை மாவை அந்தத் தோளில் தூக்கி வந்திருந்தாள். "அப்புறம்... சனிக்கிழமை வகுப்புல இன்னொருத்திக்கு இடம் இருக்குமா?"

"பெஞ்சு நீளம்தான் அக்கா."

மேரிம் வந்து சல்கினின் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். சல்கின் கூந்தலை மூன்றாகப் பிரித்து, அவசரமே இல்லாமல், ஒரு மயிரும் விடாமல் பின்னி முடித்தாள்.

"ஆச்சா சித்தி? பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

பின்னல் நேராகத்தான் இருந்தது. ஊல்கானும் பார்த்தாள், கிண்ணத்தில் தேநீரை ஊற்றினாள்.

"கோணிப்போச்சு கண்ணு" என்று சொல்லி, சல்கின் அதை மறுபடியும் அவிழ்த்தாள்.