கூடவா, குறையவா

சேர்மத்துரை, தான் மூட்டை தூக்குகிற கிட்டங்கிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். அத்தனையும் அவன் வயிற்றுக்கு ஆன செலவு.

தூத்துக்குடி உப்புக் கிட்டங்கியில் எந்திரக் கை எதுவும் நிலைக்காது. உப்புக்காற்று ஆறே மாதத்தில் அதன் மூட்டுகளைத் தின்றுவிடும். மனுசன் மூட்டு கொஞ்சம் அதிக நாள் தாங்கும், விலையும் குறைச்சல். அதனால் உப்புமூட்டை இன்னும் மனுசன் தோளில்தான் ஏறியது. ஒருநாள் எட்டாவது வரிசைக்கு மூட்டையைத் தூக்கிப் போடும்போது சேர்மத்துரைக்கு அடிவயிற்றுச் சதை விட்டுப்போய்க் குடல் பிதுங்கிவிட்டது. கிட்டங்கியே பணம் கட்டி ஆபரேசன் செய்தது. கட்டின பணத்தை அவன் பேரில் எழுதிக்கொண்டது.

தைத்த இடத்தில் நீர் கோக்காமலிருக்க வடிகொடி வைத்து அனுப்பினார்கள். அந்தக் காலத்து ரப்பர் குழாய் மாதிரி அது சும்மா கிடக்காது. உள்ளே நீர் கட்டுகிற பக்கம் பார்த்து வேர் போல நகரும், கிளை விடும், தடிக்கும், மெலியும். ஒரு நாளைக்கு முப்பது மில்லிக்குக் கீழே வடிந்தால், காரியம் முடிந்ததென்று தானே சுருண்டு வெளியே விழும். விழுந்தால்தான் அவன் மறுபடி மூட்டை தொடலாம். அதுவரை சாக்குவாய் தைக்கிற வேலை, பாதிக் கூலி.

வடிகொடியைச் செய்தவர்களுக்கு ஒரு பெருமை இருந்தது. டாக்டர் இஷ்டத்துக்கு ஏழை உடம்பை உறிஞ்சின காலம் போகட்டும், வலி யாருடையதோ அவனைக் கேட்டுத்தான் உறிஞ்ச வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தார்கள். அதனால் தினமும் காலையில், வடிகிற நீர் சேரும் இடுப்புப் பையிலிருந்து ஒரு பெண்குரல் வரும்.

"வணக்கம். இன்றைய கழிவு கூடவா, குறையவா?"

சேர்மத்துரைக்கு அந்தக் குரல் நல்ல பழக்கம். கிட்டங்கி வாசலில் இருக்கிற கூலிப்பெட்டி, சனிக்கிழமைதோறும் பணத்தைத் தள்ளுமுன் இதே குரலில் இதே கேள்வியைத்தான் கேட்கும். குரல் விற்கிற இடம் ஒன்றுதான். வடிகொடிக்காரர்களும் கிட்டங்கிக்காரர்களும் இருப்பதில் மலிவானதை வாங்கியிருந்தார்கள். கிட்டங்கியில் கழிவு என்றால் பாக்கியில் கழிக்கிற பணம். வேறு அர்த்தம் அங்கே யாருக்கும் தெரியாது.

"கூட," என்றான் சேர்மத்துரை, கூலிப்பெட்டியிடம் எப்போதும் சொல்வது போலவே.

அவன் பொண்டாட்டி பூங்கனிக்கு மட்டும் சந்தேகம். "சனிக்கெழமதான கேக்கும். இது என்ன தெனமும் கேக்கு?"

"இது ஆஸ்பத்திரிக் கணக்கு. தெனக்கணக்கா இருக்கும்."

"கூடன்னு சொன்னா வலிக்குன்னியளே."

"கடன் கழியுறப்ப வலிக்கத்தான் செய்யும். பெறகு சும்மாவா கழிப்பான்?"

"வயித்த அறுத்தவன் இந்த வாய விட்டுட்டானே," என்று அவள் சிரித்தாள்.

வடிகொடி சொன்னபடி கேட்டது. கூட உறிஞ்சியது. உறிஞ்ச உறிஞ்ச உடம்பு சுரந்தது, சுரந்ததைப் பிடிக்க அது புதுக்கிளை விட்டது. சேர்மத்துரைக்குக் கன்னம் ஒட்டிக் கால் வீங்கியது. சாக்கு தைக்கிற ஊசி கையில் நிற்கவில்லை. "மாப்ள, தொப்புள்கொடி திரும்ப மொளச்சிருக்கு, எந்த மாசம் பிரசவம்?" என்று மூட்டைக்காரர்கள் கிண்டல் பண்ணினார்கள். இவன் பை நிறைவதைப் பார்த்து, அந்தளவுக்குப் பாக்கி குறைந்ததாக மனசுக்குள் கணக்குப் போட்டான்.

நாற்பத்துமூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், கருவிகளைச் சோதிக்கிற பிரிசில்லா பதிவை ஓட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, எல்லா நாளும் கூட, கூடன்னே சொல்லியிருக்கீங்க. யாரு சொல்லச் சொன்னா?"

"கழிவத்தானம்மா கேட்டுது. கூடக் கழிச்சா சீக்கிரம் தீருமேன்னு."

"எது தீரும்?"

"பாக்கி."

அவள் படித்த இடத்தில் கழிவென்றால் புண்ணிலிருந்து வடிகிற நீர். வேறு அர்த்தம் அங்கே யாருக்கும் தெரியாது. மெதுவாக அவனுக்கு விளங்கச் சொன்னாள்.

சேர்மத்துரை இடுப்புப் பையைத் தடவிப் பார்த்தான். "அப்ப, இத்தன நாளு வடிஞ்சதுக்கு ஒரு பைசாகூடக் கழியலியா?"

"இனிமே குறையன்னு சொல்லுங்க, அண்ணாச்சி."

"சொன்னா நின்னுருமா?"

உடனே நிற்காது. வலியில் ஒருநாள் கத்துகிறவன் பேச்சைக் கேட்டுப் புண்ணைக் கெடுத்துவிடக் கூடாதென்று, நிலையான விருப்பத்துக்கு மட்டுமே அடங்கும்படி வடிகொடியைப் பழக்கியிருந்தார்கள். நாற்பத்துமூன்று நாள் சொன்ன சொல்லை மாற்ற இன்னொரு நாற்பத்துமூன்று நாள் வேண்டும். டாக்டர் கை வைக்க முடியாதபடி பூட்டும் போட்டிருந்தார்கள். இழுத்து எடுக்கலாமென்றால் கிளைகள் குடலைச் சுற்றியிருந்தன, குடலும் கூடவே வரும்.

மறுநாளிலிருந்து அவன் "குறைய" என்றான். "உங்கள் விருப்பம் பதிவானது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அது முன்போலவே உறிஞ்சியது. அப்படிச் சொல்லத் தொடங்கிய பத்தொன்பதாம் நாள் அவனுக்குத் தொண்டையில் காற்றுதான் வந்தது.

"குரல் தெளிவாக இல்லை. வழக்கமான விருப்பமே தொடரும்."

பூங்கனி குனிந்து பையில் வாயை வைத்தாள். "குறைய, தாயி. குறைய."

"இது உரியவரின் குரல் அல்ல."

இருபத்தோராம் நாள் காலையில் அது கேட்டது. பதில் வரவில்லை. மத்தியானத்துக்குள் வடிவது முப்பது மில்லிக்குக் கீழே போயிற்று. காரியம் முடிந்ததென்று வடிகொடி தானே சுருண்டு வெளியே விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை பூங்கனியைக் கிட்டங்கிக்குக் கூப்பிட்டு, கூலிப்பெட்டி முன்னால் நிறுத்தினார்கள். செத்தவன் பாக்கியை வாரிசு வாயால் சொல்லக் கேட்டுத் தள்ளுபடி செய்வது அங்கே விதி. கூட என்றால் முழுசும் தள்ளுபடி, குறைய என்றால் பாதிதான். அதற்கும் பெட்டிக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்.

"சேர்மத்துரை. பாக்கி இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்து முந்நூற்று அறுபது. கழிவு கூடவா, குறையவா?"

பூங்கனி அந்தக் குரல் வந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எந்தக் கழிவத் தாயி கேக்க?"

"பதில் தெளிவாக இல்லை. இறந்தவரின் வழக்கமான விருப்பமே தொடரும். கூட."

சீட்டு ஒன்று வெளியே வந்து விழுந்தது. பாக்கி ஏதுமில்லை என்று அதில் இருந்தது.