மஞ்சள் குருவியின் கால் வளையம்

பனிக்காலம் முழுக்கக் கிகிந்தா ஊரின் நடுச் சதுக்கத்து மரங்களில் நூற்றுக்கணக்கான ஆந்தைகள் உட்கார்ந்து ஊரை முறைத்துக்கொண்டிருக்கும். அவை செரிக்காமல் கக்கிப்போடும் உருண்டைகளைப் பிரித்து, என்ன தின்றன என்று ஆராய்பவள் ரத்மிலா. எலி எலும்பைத் தவிர என்ன கிடைக்கப் போகிறது என்று ஊரே கேலி பேசும். அன்று வேறொன்று கிடைத்தது. அதோடு ஓல்காவையும் இழுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் மிலோராதின் அறைக்குள் நுழைந்தாள்.

"கேனரிக் குருவியோட கால் வளையம் சார்! அதுல இருந்த நம்பரை விசாரிச்சேன். இவங்க பெரியம்மா தெசாங்காவோடது."

ஓல்கா அழுதுவிட்டாள். "என்னை வளர்த்தவங்க சார். ஒரு வாரமா ஆளைக் காணோம். அவங்க மகன் தோதோர் அண்ணனைக் கேட்டா, தோழி வீட்டுக்குப் போயிருக்காங்க, குருவியைக் கூண்டோட எடுத்துட்டுப் போனாங்கங்கறாரு. வீடு சதுக்கத்து மேலேயே இருக்கு, ஆனா பின்வாசல் வழியா ஊரைச் சுத்தித்தான் கடைக்குப் போறாரு."

மூவரும் போனபோது வீட்டில் கணப்பு தகதகத்தது. தோதோர் ராக்கியா சாராயம் ஊற்றி வைத்தான். பெரியம்மாவின் அறையில், ஜன்னலோரத் தொட்டிச்செடி மட்டும் கருகிக் கிடந்தது.

"தண்ணி ஊத்தலை போல" என்றாள் ரத்மிலா.

மிலோராத் மண்ணைத் தொட்டார். "ஈரமாத்தான் இருக்கு. இது பனியில கருகினது. குருவி வெளியே பறந்திருக்கு, செடி சாகுற வரைக்கும் ஜன்னல் திறந்து கிடந்திருக்கு. இந்தக் குளிர்ல நம்ம ஊர்ல எதுக்கு ஜன்னலைத் திறந்து வைப்பாங்க தோதோர்?"

ஓல்கா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். உயிர் பிரிந்த அறையில் ஆத்மா வெளியேற ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். அந்த ஊரில் அது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"எல்லாத்தையும் மறைச்சே. அதை மட்டும் உன்னால செய்யாம இருக்க முடியல" என்றார் மிலோராத்.

தோதோர் கோப்பையைக் கீழே வைத்தான். "வீட்டை விக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். ஒரு தள்ளுதான் தள்ளினேன், கணப்பு விளிம்புல மண்டை மோதிருச்சு. கீழே நிலவறையில இருக்காங்க... ஜன்னலைத் திறந்ததும் மஞ்சளா என்னவோ தோளை உரசிட்டுப் பறந்துச்சு. அம்மாதான்னு மண்டி போட்டேன் சார். மரத்துலேர்ந்து ஒரு ஆந்தை சத்தமே இல்லாம இறங்கி, என் கண்ணு முன்னாலேயே தூக்கிட்டுப் போச்சு."

"அது குருவிண்ணே" என்றாள் ஓல்கா.

"தெரியும். சண்டையில திறந்துக்கிட்டுக் காலியா கிடந்த கூண்டை நான்தான் ஒளிச்சு வச்சேன். ஆனாலும் மனசு கேக்கலையே."

விலங்கு மாட்டியபோது அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"சதுக்கம் வழியா மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க சார்."